தறி காணாத துணி

(சென்னை டோல்கேட்டில், தையல் தொழில் செய்யும் பெண்களும் பயிலும் பெண்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரை)



உள்ளே வரும்போது ஆளுக்கொரு காகித உறை கொடுத்தார்கள் அல்லவா, அதை இப்போது பிரிக்க வேண்டாம். மூன்று துண்டுகள் இருக்கின்றன. கடைசியில் அதற்கு வருவோம்.

முதலில் உங்கள் வீட்டுத் தையல் மிஷினை மனதில் கொண்டுவாருங்கள். தலைக்கு மேலே நூல்கண்டு மாட்டும் கம்பி இருக்கிறதே, அதன் அடியைப் பாருங்கள். மிஷின் சற்றுப் பழையது என்றால் அங்கே சிவப்பாகவோ பச்சையாகவோ சிறிய வட்டம் ஒன்று கிடக்கும். எண்ணெயும் தூசும் குடித்துக் கறுத்துப் போயிருக்கும். அழுக்கு என்று நினைத்து நம்மில் பலர் அதைக் கழற்றி எறிந்திருக்கிறோம். எறிந்த பிறகு, வேகமாக மிதிக்கும்போதெல்லாம் நூல்கண்டு கட்டுக்கு அடங்காமல் சுழலும், நூல் போய்க் கம்பியைச் சுற்றிக்கொள்ளும், பட்டென்று அறும். நாம் காரணம் தெரியாமல் டென்ஷனைத் திருகிக்கொண்டிருப்போம். அந்த வட்டம் இருந்தவரை நூல்கண்டை அடியிலிருந்து மெல்லப் பிடித்துக்கொண்டிருந்தது. அதுதான் ஃபெல்ட்.

தையல் மிஷினில் மட்டுமல்ல ஃபெல்ட். இந்த டோல்கேட்டிலிருந்து நெடுஞ்சாலையில் வடக்கே போனால் திருவொற்றியூர். 1955-இல் புல்லட் மோட்டார் சைக்கிளை இந்தியாவில் செய்ய ஆரம்பித்த என்ஃபீல்டு தொழிற்சாலை அங்கேதான் எழுந்தது. உங்கள் வீட்டு ஆண்களில் யாராவது பழைய புல்லட்டின் சக்கரத்தைப் பிரித்திருந்தால் ‘ஃபெல்ட் வாஷர்’ என்ற பெயரை நிச்சயம் சொல்வார்கள். பேரிங்கில் அடைத்த கிரீஸ் வெளியே கசியாமல், சாலை மண் உள்ளே போகாமல் காவல் காப்பது அது. தோல் பதனிடும் இடத்தில் ஈரத்தோலைப் பிழியும் உருளைக்குப் போர்த்தியிருப்பதும் ஃபெல்ட்தான். காகித ஆலையில், இன்னும் காகிதமாகாத ஈரப் படலத்தைத் தாங்கிச் செல்வதையும் ஃபெல்ட் என்றே சொல்கிறார்கள். பிள்ளைகள் ஸ்கெட்ச் பேனா என்கிறார்களே, அந்த வகைப் பேனாக்களுக்கு முதலில் முனை வைத்தது ஃபெல்ட்டில். ஆகவே நாம் இன்று பேசப்போவது ஏதோ கைவினைக் கடையில் வண்ண வண்ணமாக அடுக்கிவைத்திருக்கும் அலங்காரப் பொருளைப் பற்றி மட்டும் என்று எண்ண வேண்டாம். எண்ணெயைக் குடிக்கும், சத்தத்தை விழுங்கும், அதிர்ச்சியைத் தாங்கும், வெட்டினால் பிரியாத ஒரு பொருள் அது.

நாம் உட்கார்ந்திருக்கும் இடம் துணியோடு பிறந்த இடம். தெற்கே வண்ணாரப்பேட்டை, கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் கப்பலேற்றிய துணியை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்த பேட்டை. வடக்கே மெட்ரோவில் அடுத்த நிலையம் காலடிப்பேட்டை. 1717 முதல் 1720 வரை சென்னைக்குக் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியேற்றி அமைத்த ஊர் அது. காலெட் பேட்டை நம் வாயில் காலடிப்பேட்டை ஆயிற்று. நெய்தவர்கள் ஒரு பக்கம், வெளுத்தவர்கள் ஒரு பக்கம், நடுவில் சுங்கம் வாங்கிய சாவடியின் பெயரைத் தாங்கிய டோல்கேட். முந்நூறு ஆண்டுகளாக இங்கே துணி என்றால் பாவும் ஊடும் சேர்ந்தது, தறியில் பிறந்தது. நம் கைப்பழக்கம், நம் தையல் பாடம், நம் கத்தரி பிடிக்கும் விதம் எல்லாமே அந்தத் துணிக்காக உருவானவை. நேர்இழை பார், கிராஸ் பார், ஓரம் மடி, பிசிறு வெட்டு, ஓவர்லாக் போடு என்று ஆசிரியர் சொல்லிக்கொடுத்ததெல்லாம் தறித்துணிக்கான இலக்கணம்.

ஃபெல்ட்டுக்குப் பாவு இல்லை, ஊடு இல்லை. நூலே இல்லை. சிலப்பதிகாரம் புகார் நகரத்து நெசவாளரைச் சொல்லும் இடத்தில் பட்டு, பருத்தியோடு மயிரையும் சேர்த்துச் சொல்கிறது. அந்த மயிரும் நூலாகி நெய்யப்பட்டதுதான். நூலாக்காமலே துணியாக்கும் வித்தை நம் வெப்பமான கடற்கரையில் வேண்டியிருக்கவில்லை. அதனால்தான் நம் தொழிலில் இதற்கு ஃபெல்ட் என்பதைத் தவிர வேறு பெயர் வழங்கவில்லை. பெயர் இரவலாக வந்தது, பொருள் கடையில் வந்தது. அதைத் தைக்கும் அறிவு மட்டும் கூட வரவில்லை. இன்று நான் வந்திருப்பது அதற்காக.

நூலில்லாமல் எப்படித் துணி நிற்கிறது? சடையை நினைத்துக்கொள்ளுங்கள். தலைக்கு எண்ணெய் வைக்காமல், சீவாமல், வியர்வையும் மழையும் பட்டு நாட்கணக்கில் விட்டால் முடி சிக்காகி, சிக்கு திரண்டு, சடையாகிவிடுகிறது. அப்புறம் சீப்பு உள்ளே போகாது. வெட்டத்தான் வேண்டும். செம்மறி ஆட்டு ரோமம் இந்த விஷயத்தில் நம் முடியைவிடப் பல மடங்கு தீவிரமானது. ஒவ்வொரு ரோமத்தின் மேலும் மீன் செதில்போல அடுக்கடுக்காகச் செதில்கள். செதில்கள் எல்லாம் நுனியைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். அடியிலிருந்து நுனிக்கு விரலை ஓட்டினால் வழுக்கும். நுனியிலிருந்து அடிக்கு ஓட்டினால் சொரசொரக்கும். செதிலுள்ள மீனைத் தலையிலிருந்து வாலுக்குத் தடவுவதற்கும் வாலிலிருந்து தலைக்குத் தடவுவதற்கும் உள்ள வித்தியாசம் காசிமேட்டுக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்படிப்பட்ட ரோமங்களைப் பரப்பி, வெந்நீர் தெளித்து, சோப்பு போட்டு, உருட்டி மிதித்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு ரோமமும் ஒரே பக்கமாகத்தான் நகர முடியும், திரும்பி வர முடியாது. முன்னே போனது பக்கத்து ரோமத்தின் செதிலில் மாட்டிக்கொள்கிறது. மிதிக்க மிதிக்க நெருங்கி, இறுகி, சுருங்கி ஒரே தகடாகிறது. பிரிக்கவே முடியாது. நல்ல கம்பளி ஸ்வெட்டரைத் தெரியாமல் வெந்நீரில் போட்டுத் துவைத்து, அது குழந்தைச் சட்டை அளவுக்குச் சுருங்கிப்போனதை யாராவது பார்த்திருந்தால், அவர்கள் வீட்டில் நடந்ததும் இதே வேலைதான்.

இலவம்பஞ்சு இதற்கு நேர் எதிர். கண்ணாடிபோல வழுக்கும் இழை. செதில் கிடையாது, ஒன்றை ஒன்று பிடிக்காது, நூற்பதற்கே வசப்படாது. தலையணையைப் பத்து வருடம் தலையால் அழுத்தினாலும் பஞ்சு கட்டிதட்டுமே தவிர துணியாகாது. பருத்திக்கும் செதில் இல்லை. மெத்தை தைப்பவர் இடையிடையே குத்துத் தையல் போட்டுப் பஞ்சை நிறுத்துவது அதனால்தான்.

நம் நாட்டில் இந்த வேலை உயிரோடு இருப்பதைக் காண வேண்டுமென்றால் காஷ்மீருக்குப் போக வேண்டும். அங்கே இதன் பெயர் நம்தா. ராஜஸ்தானில் டோங்கிலும் குஜராத்தில் கட்ச் பகுதியிலும்கூடச் செய்கிறார்கள். ஸ்ரீநகரில் ரோமத்தைப் பிரித்து மென்மையாக்கி, கோரைப் பாயின்மேல் சீராகப் பரப்புவார்கள். சோப்புத் தண்ணீர் தெளித்து, பாயோடு சேர்த்துச் சுருட்டி, கட்டி, காலால் மிதித்து உருட்டுவார்கள். பிரித்துப் பார்த்து, மெலிந்த இடத்தில் ரோமம் வைத்து, மறுபடி உருட்டுவார்கள். அலசிக் காயவைத்த பிறகு அதன்மேல் பூவேலை. அந்தப் பூவேலைக்கு அவர்கள் எடுப்பது ஆரி ஊசி. ஆமாம், கல்யாண ப்ளவுஸுக்கு நீங்கள் கட்டையில் துணியை இழுத்துக் கட்டி, நுனியில் கொக்கியுள்ள ஊசியால் குத்துகிறீர்களே, அதே ஆரிதான். அங்கே அது குளிருக்குத் தரையில் விரிக்கும் விரிப்பில் சங்கிலித் தையல் போடுகிறது. அந்த நம்தாத் தொழில் நொடித்துப் போயிருந்தது. 2021-இல் மத்திய அரசின் திறன் மேம்பாட்டு அமைச்சகம் அதைத் தனியாகப் பயிற்சி கொடுத்து மீட்க முனைந்தது.

இன்னும் பின்னால் போகலாம். சைபீரியாவின் தெற்கே அல்தாய் மலையில் பாசிரிக் என்ற இடத்தில் பழைய குதிரைவீரர் தலைவர்களின் சமாதிகளை 1929-இலும் பிறகு 1940-களின் கடைசியிலும் தோண்டினார்கள். உள்ளே நீர் புகுந்து உறைந்து, ஆண்டு முழுவதும் உருகாத பனிக்கட்டியாக நின்றதால் துணிகள் மக்காமல் இருந்தன. ரோமம் அடைத்த ஃபெல்ட் அன்னங்கள். ஓர் ஆள் உயரத்தைவிடப் பெரிய ஃபெல்ட் திரை, அதில் குதிரைமேல் ஒரு வீரன். சுமார் இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டு வயது. இப்போது செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அந்த வேலைப்பாட்டின் படத்தைப் பார்த்தபோது நான் வெகுநேரம் புத்தகத்தை மூடவில்லை. வண்ண ஃபெல்ட்டை உருவம் உருவமாக வெட்டி, இன்னொரு ஃபெல்ட்டின்மேல் வைத்து, ஓரத்தை மடிக்காமல் தைத்திருக்கிறார்கள். நாம் இன்று அப்ளிக் என்று சொல்லிக்கொடுக்கும் அதே ஒட்டுத்துணி வேலை. ஓரத்தை மடிக்கத் தேவையில்லை என்று அந்தக் கைகளுக்குத் தெரிந்திருக்கிறது.

இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன், நம் வேலைக்கு முக்கியமானது. திருவொற்றியூர்த் தேரடியில் தேர் ஓடும்போது தேர்ச்சீலையையும் தொங்கும் தொம்பைகளையும் பார்த்திருப்பீர்கள். பருத்தித் துணியில் கிளியையோ யாளியையோ வெட்டி ஒட்டினால் சுற்றிலும் ஓரத்தை உள்ளே மடித்துத் தைக்க வேண்டும், அல்லது கயிறு வைத்து மூட வேண்டும். கிளியின் மூக்கு போன்ற கூரான இடத்தில் மடிப்பு திரண்டுகொள்ளும். அதைச் சரிசெய்யத் தெரிந்தவர்தான் தேர்ந்த கைக்காரர். ஃபெல்ட்டில் அந்தச் சிரமம் கிடையாது. வெட்டிய கோடே விளிம்பு. கத்தரி எவ்வளவு சுத்தமோ வேலையும் அவ்வளவு சுத்தம். அதனால் வேலையின் பாரம் ஊசியிலிருந்து கத்தரிக்கு மாறிவிடுகிறது. கத்தரியை முனையால் கொறித்துக் கொறித்து வெட்டினால் ஒவ்வொரு கொறிப்பும் பல்லாகத் தெரியும். கத்தரியின் வாயை நன்றாகத் திறந்து, உள்ளிருந்து நீளமாக வெட்டுங்கள். வளைவு வந்தால் கத்தரி பிடித்த கையைத் திருப்பாதீர்கள். இடது கையிலுள்ள துணியைத் திருப்புங்கள்.

சரி, பாரிமுனையில் நாம் வாங்குகிற ஃபெல்ட் ஷீட் காஷ்மீர் ரோமமா? பெரும்பாலும் இல்லை. பாலியஸ்டர், சில சமயம் அக்ரிலிக். இவற்றின் இழையில் செதில் இல்லை. எத்தனை மிதித்தாலும் ஒன்றை ஒன்று பிடிக்காது. அதனால் செதிலை இழையில் வைக்காமல் ஊசியில் வைத்தார்கள். பக்கவாட்டில் மீன்தூண்டில்போல முள் வெட்டிய ஆயிரக்கணக்கான ஊசிகள் பதித்த பலகை ஒன்று, பஞ்சுப் படலத்தின்மேல் மேலும் கீழுமாகக் குத்திக்கொண்டே இருக்கும். ஊசி இறங்கும்போது முள்ளில் மாட்டிய இழைகளைக் கீழே இழுத்துச் செல்லும். ஏறும்போது வெறுமையாக வரும். குத்திக் குத்தியே படலம் இறுகிவிடும். தண்ணீரும் சோப்பும் வேண்டாம். பழைய பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி இழுத்த பாலியஸ்டர் இழைகூட இப்படி ஃபெல்ட்டாகிறது. பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நாரையும் இதே முள்ளூசியால் குத்தி நார் ஃபெல்ட் செய்கிறார்கள், மெத்தைக்கும் மண்ணரிப்பைத் தடுக்கவும் போகிறது. தென்னை நாரைத் துணியாக்க முடிந்த இயந்திரம் எதைத்தான் துணியாக்காது?

இன்னொரு பக்கம், ஃபெல்ட் என்று ஊரே சொல்லியும் ஃபெல்ட்டாக இல்லாதவை உண்டு. ஸ்னூக்கர் மேசையின் பச்சைத் துணி அப்படி. 1880-களில் ஊட்டி கிளப்பில் அந்த ஆட்டத்துக்கு விதிகள் எழுதியபோதும் சரி, இப்போதும் சரி, அது கம்பளி நூலில் நெய்து, மேலே ரோமம் எழுப்பிச் சீராக வெட்டிய தறித்துணி. நல்ல டென்னிஸ் பந்தின் மேலுறையும் நெய்ததே. மேலே புசுபுசுவென்று இருப்பதை மட்டும் நம்பி ஃபெல்ட் என்று முடிவுகட்டக் கூடாது. ஓரத்தைக் கிள்ளிப் பாருங்கள். நூல் உருவி வந்தால் அது நெய்தது. பஞ்சுபோலத் தும்பு மட்டும் வந்தால் ஃபெல்ட்.

நான் இதையெல்லாம் புத்தகத்தில் மட்டும் படித்து வந்தவள் இல்லை. நஷ்டப்பட்டு வந்தவள். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பரில், கிறிஸ்துமஸ் குல்லாய் நாற்பது தைத்துக் கொடுக்கும் வேலை எனக்கு வந்தது. சிவப்பு ஃபெல்ட், கீழே நான்கு விரல் அகலத்துக்கு வெள்ளைப் பட்டை. ராயபுரத்துத் தேவாலயப் பக்கம் விற்பனைக்குப் போக வேண்டியவை. துணியைக் கொடுத்தவர் “கம்பளிம்மா, ஜாக்கிரதை” என்று மட்டும் சொன்னார். நானும் கம்பளிக்கு எப்படி இஸ்திரிப் பெட்டி போடுவார்களோ அப்படி, ஈரத்துணி போட்டு அழுத்தினேன். முதல் குல்லாயைத் தூக்கிப் பார்த்தபோது வெள்ளைப் பட்டையின் மேல்விளிம்பு முழுவதும் ரோஜா நிறம். நான் அதற்குள் பதினோரு குல்லாய்க்குப் பெட்டி போட்டு அடுக்கிவிட்டிருந்தேன். பதினொன்றும் போயிற்று. அந்தத் துணி ரோமமும் ரேயானும் கலந்தது, சாயம் நிற்காதது என்று பிறகுதான் தெரிந்தது. குல்லாய்க்குக் கூலி பிடித்துக்கொண்டார்கள், துணிக்கும் பிடித்துக்கொண்டார்கள். அந்த வருடம் என் பிள்ளைகளுக்குப் புதுத்துணி இல்லை.

துணியைக் கொடுத்தவருக்கும் அது என்னவென்று தெரியாது என்றே நினைக்கிறேன். ஆனால் தெரியாததன் விலை எப்போதும் தைப்பவள் தலையில்தான் விழுகிறது. அரசு தந்த மிஷின், சத்தியவாணி முத்து அம்மையார் பெயரிலான இலவசத் தையல் இயந்திரத் திட்டத்தில் வந்தது, உங்களில் சிலர் வீட்டில் இருக்கும். மிஷின் இருக்கிறது, கையில் வேலை இருக்கிறது. பீஸுக்கு எவ்வளவு என்று கேட்கத் தெரிகிறது. இது என்ன துணி என்று கேட்கும் பழக்கம் மட்டும் நம்மிடம் வரவில்லை. கேளுங்கள். கூலி பேசுவதற்கு முன்பே கேளுங்கள். பதில் வராவிட்டால் ஒரு துண்டு வாங்கிவந்து நீங்களே கண்டுபிடித்துவிடுங்கள், அதன் பிறகு வேலைக்கு ஒப்புக்கொள்ளுங்கள்.

சாயம் நிற்குமா என்று கண்டுபிடிப்பது எளிது. வெள்ளைக் கைக்குட்டையின் ஒரு மூலையை நனைத்து, துண்டின்மேல் வைத்து, பெட்டியால் ஒரு நிமிடம் அழுத்துங்கள். கைக்குட்டை நிறம் மாறினால் அந்தத் துணியை வெள்ளையோடு சேர்க்காதீர்கள், ஈரம் காட்டாதீர்கள். பெட்டியின் சூடும் துணிக்குத் துணி மாறும். ரோம ஃபெல்ட் மிதமான சூட்டில் ஈரத்துணி போட்டு ஆவியில் அழகாகப் படியும், சுருக்கம் எல்லாம் போகும். பாலியஸ்டர் சூடு ஏறினால் பளபளவென்று கண்ணாடி பூசியதுபோல ஆகும், இன்னும் ஏறினால் பெட்டியிலேயே ஒட்டும். அக்ரிலிக்குக்கு மிகக் குறைந்த சூடு, அதுவும் மேலே ஒரு துணி போட்டு. இதனால்தான் ஃபெல்ட்டை மடித்து வைக்க வேண்டாம், பாய்போலச் சுருட்டி வையுங்கள் என்கிறேன். மடிப்பு விழாத துணிக்குப் பெட்டியே தேவைப்படாது. ரோம ஃபெல்ட்டாக இருந்தால் கூடவே காய்ந்த வேப்பிலையும் வைக்க வேண்டும், அந்துப்பூச்சி அதைத்தான் தேடி வரும். பாலியஸ்டரை அது தொடாது.

தைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். நேர்இழை இல்லாததால் பேட்டர்னை எப்படி வேண்டுமானாலும் வைக்கலாம், தலைகீழாக, குறுக்காக, ஒன்றின் இடுக்கில் ஒன்றாக. ஏ-4 அளவு ஷீட்டில் 5 சென்டிமீட்டர் அகலம், 7 சென்டிமீட்டர் உயரமுள்ள துண்டு பதினாறு வெட்டலாம். ஒரு விரல்பொம்மைக்கு முன்பக்கம் பின்பக்கம் என்று இரண்டு துண்டு, ஆக ஒரு ஷீட்டில் எட்டு பொம்மை. பென்சிலால் கோடு போடாதீர்கள், தும்பில் ஏறிப் போகாது. குளித்துத் தேய்ந்த சோப்புச் சில்லு இருக்கிறதே, அதன் ஓரம் கறுப்பு ஃபெல்ட்டில் அருமையான கோடு போடும்.

மிஷினில் தைப்பதானால் ஒரு அங்குலத்துக்கு எட்டு தையலுக்கு மேல் வேண்டாம். நெருக்கித் தைத்தால் வலுவாக இருக்கும் என்பது தறித்துணியின் பழக்கம். இங்கே ஒவ்வொரு குத்தும் இழைகளை அறுக்கிறது. நெருங்கிய குத்து தபால்தலையின் ஓரத்துளைபோல ஆகிவிடும், இழுத்தால் அந்தக் கோட்டிலேயே கிழியும். மெல்லியதற்கு 14-ஆம் நம்பர் ஊசி, இரண்டு தடித்த ஃபெல்ட் சேர்ந்தால் 16. ஃபூட்டின் அழுத்தத்தைக் கொஞ்சம் தளர்த்துங்கள், இல்லாவிட்டால் மேல்துணி முன்னே தள்ளிக்கொண்டு போய், கடைசியில் ஒரு விரல் அகலம் மிஞ்சி நிற்கும். தளர்த்தியும் தள்ளினால் மேலே மெல்லிய பட்டர் பேப்பர் வைத்துத் தைத்து, பிறகு கிழித்துவிடுங்கள். குண்டூசிக்குப் பதில் கிளிப் போடுங்கள். தையலுக்கு விடும் துணி அரை அங்குலம், முக்கால் அங்குலம் எல்லாம் இங்கே வீண். உள்ளே தடித்துப் புடைக்கும். ஒன்றின் விளிம்பை மற்றொன்றின்மேல் கால் அங்குலம் ஏற்றிவைத்து ஒரே தையல் போட்டால் போதும்.

ஒரு எச்சரிக்கை. ஃபெல்ட்டில் இழுவை தாங்கும் நூல் கிடையாது. முழங்காலும் முழங்கையும் வரும் உடுப்புக்கு இது ஆகாது, நான்கே நாளில் அந்த இடம் குடம்போலப் புடைத்து அப்படியே நின்றுவிடும். பைக்குத் தைத்தால் கைப்பிடியை ஃபெல்ட்டில் வைக்காதீர்கள், நாடா வையுங்கள். ஃபெவிக்காலைத் தாராளமாக ஊற்றாதீர்கள், குடித்துக் குடித்து அட்டையாகிவிடும்.

கைத்தையலில்தான் ஃபெல்ட்டின் அழகு இருக்கிறது. ஒரு காக்காய் செய்வோம். நம் பிள்ளைகள் கேட்டு வளர்ந்த பாட்டி வடைக் கதையின் காக்காய். கறுப்பில் உடம்பு இரண்டு துண்டு, உச்சி வட்டமாக. சாம்பலில் அலகு. வெள்ளையில் கண்ணுக்கு ஒரு பொட்டு. பொன்னிறத்தில் வடை.

இரண்டு உடம்புத் துண்டையும் சேர்ப்பதற்கு முன்பே முகத்தை முடித்துவிட வேண்டும், சேர்த்த பிறகு உள்ளே விரல் போகுமே தவிர ஊசி போகாது. வெள்ளைப் பொட்டை வைத்து, நடுவே கறுப்பு நூலில் ஒரு முடிச்சுத் தையல். அந்த முடிச்சே பொட்டையும் பிடிக்கும், கண்மணியும் ஆகும். இனி சுற்றுத்தையல், பாடப் புத்தகத்தில் கம்பளித் தையல் என்பார்களே அது. ஆறு இழை எம்பிராய்டரி நூலில் இரண்டு இழையைப் பிரித்து எடுங்கள். இடது அடிமூலையில் தொடங்குங்கள். முடிச்சு இரண்டு துண்டுக்கும் நடுவில் ஒளிந்துகொள்ள வேண்டும், ஆகவே முதல் குத்து முன்துண்டின் உள்பக்கத்திலிருந்து. விளிம்பிலிருந்து 3 மில்லிமீட்டர் உள்ளே ஊசி, இரண்டு துண்டையும் துளைத்து வெளியே. நூலை முழுவதும் இழுப்பதற்கு முன் வளையத்துக்குள் ஊசியை விட்டு, விளிம்பை நோக்கி இழுங்கள். நூல் விளிம்பின்மேல் படுத்துக்கொள்ளும். அடுத்த குத்து 4 மில்லிமீட்டர் தள்ளி.

எவ்வளவு இழுப்பது என்பதில்தான் கை பழக வேண்டும். இறுக்கினால் விளிம்பு அலைபோலச் சுருங்கும். தளர்ந்தால் நூல் வாய் பிளந்து நிற்கும். நூல் துணியின்மேல் படுத்தவுடன் நிறுத்திவிடுங்கள், அழுத்தாதீர்கள். உச்சி வளைவில் குத்துகளின் உள்முனை நெருங்கும், வெளிமுனை விரியும், விசிறி மடிப்புபோல. அதைக் கண் பார்த்துக்கொள்ளட்டும், அளவுகோல் வேண்டாம். அடிப்பக்கம் விரலுக்காகத் திறந்தே இருக்கும், ஆனால் தையலை அங்கே நிறுத்திவிடாமல் முன்துண்டின் அடிவிளிம்பிலும் தனியாக ஓட்டுங்கள். பிள்ளைகள் விரலை விட்டு விட்டு எடுக்கும் இடம் அது, முதலில் இளைத்துப்போவதும் அதுதான்.

இப்போது வடை. 4 சென்டிமீட்டர் வட்டம் வெட்டி, நடுவே உளுந்து வடைக்குரிய துளை. பருத்தித் துணியில் இத்தனை சிறிய துளை போட்டால் மறுநாளே பிசிறு கிளம்பும், சுற்றிலும் பொத்தான்துளைத் தையல் போட்டாக வேண்டும். ஃபெல்ட்டில் துளை போட்டால் போட்டதுதான், அப்படியே நிற்கும். அலகின் நுனியில் வெல்குரோவின் முள்பக்கம் மட்டும் ஒரு சிறு துண்டு தையுங்கள். மென்மையான பக்கம் தேவையே இல்லை. ஃபெல்ட்டின் தும்பையே அந்த முள் பிடித்துக்கொள்ளும். வடை அலகில் ஒட்டிக்கொண்டு நிற்கும். நரி பாடச் சொல்லும்போது பிள்ளை மெல்லச் சுண்டினால் விழும். அங்கன்வாடிப் பிள்ளைகள் முன் இதைக் காட்டியிருக்கிறேன். வடை விழும் நேரத்தில் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குக் கொடுப்பதானால் வடையைத் தனியாக விடாதீர்கள், அலகோடு சேர்த்துத் தைத்துவிடுங்கள். பொத்தான் கண்ணும் வேண்டாம், வாயில் போட்டுக்கொள்வார்கள்.

சரி, உறையைப் பிரிக்கலாம். மூன்று துண்டு, பின்னால் 1, 2, 3 என்று எண் இருக்கிறது. ஒன்று ஆட்டு ரோமம், ஒன்று பாலியஸ்டர், ஒன்று அக்ரிலிக். எது எது என்று நான் சொல்லப்போவதில்லை. ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு சிட்டிகை தும்பு பிய்த்துக்கொள்ளுங்கள். வரிசைக்கு ஒரு எவர்சில்வர் தட்டும், ஒரு இடுக்கியும், ஒரு சொம்புத் தண்ணீரும் வைத்திருக்கிறோம். தும்பை இடுக்கியில் பிடித்து, தட்டுக்கு மேலே, தீக்குச்சியால் தொடுங்கள். ரோமம் நெருப்பைக் கண்டு சுருண்டு விலகும், மெதுவாக எரிந்து தானே அணையும், முடி பொசுங்கிய நாற்றம் வரும், சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். பாலியஸ்டர் உருகிச் சொட்டும், கரும்புகை விடும், ஆறியதும் உருண்டையான கெட்டி மணியாக நிற்கும். அக்ரிலிக் சட்டென்று பற்றிக்கொள்ளும், கோணல்மாணலாகக் கறுத்த கட்டி விடும், மூக்கில் காரமாக ஏறும். உருகும் மணியைக் கையால் தொடாதீர்கள், முதலில் தண்ணீரில் போடுங்கள்.

ஃபேனை நிறுத்திவிடுங்கள். ஜன்னல் இரண்டையும் திறந்துவிடுங்கள். சேலைத் தலைப்பையும் துப்பட்டாவையும் செருகிக்கொள்ளுங்கள். முன்வரிசையில் இருக்கும் அக்கா, ஒன்றாம் எண்ணில் நீங்கள் தொடங்குங்கள்.